மூலையில் ஒரு D

கால்குலஸ் பரீட்சை முடியப்போகிறது. மின்விசிறிக் காற்றில் விடைத்தாள்கள் படபடக்கின்றன. கடைசி விடையைச் சரிபார்க்கக் கால்குலேட்டரை வெளிச்சத்துக்குச் சாய்த்தவளின் விரல் அப்படியே நிற்கிறது. திரையின் மூலையில் சின்னதாக ஒரு D. கோணக் கணக்கு ரேடியனில் இருக்க வேண்டியது, டிகிரியில் கிடக்கிறது. காலையில் அக்கா வாசல்வரை ஓடிவந்து, "பாதியில நின்னு தொலைச்சா என்னடி பண்ணுவ? புது பேட்டரி போட்டிருக்கேன்," என்று கையில் திணித்தது இதைத்தான். பழைய பேட்டரியைக் கழற்றியபோது இவள் வைத்திருந்த ரேடியன் அமைப்பும் அழிந்துபோயிருக்கிறது. சைன், காஸ் வந்த ஒவ்வொரு விடையும் தப்பு. அடித்துவிட்டு எழுதப்போனால் வியர்த்த விரல்களில் பேனா வழுக்குகிறது. "போதும்மா, பேனாவக் கீழ வைங்க." கண்காணிப்பாளர் தாளை உருவுகிறார். சன்னலுக்கு வெளியே, வேலைக்குப் போகாமல் காத்து நிற்கும் அக்கா, "பேட்டரி தாங்குச்சா?" என்று வாயசைத்துக் கேட்கிறாள். தாங்கியது என்று இவள் தலையாட்டுகிறாள்.