எதிர்க்கடைக் கூட்டம்

சூப்பர்மார்க்கெட் மேனேஜர் தாமி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாலையைக் கடந்து, எதிரே இருந்த கிழவர் இத்தரின் சின்ன மளிகைக்கடை வரிசையில் போய் நின்றார்.

காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த கிஸ்லானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் கடைச் சரக்கைத் தானே வாங்காத மகராசன்!

அவள் ரபாத்தில் பொருளாதார ஆராய்ச்சி செய்பவள். இரண்டு பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தபின், மொராக்கோ முழுக்க அவற்றின் கிளைகளில் எண்ணெயும் சர்க்கரையும் விலை ஏறிவிட்டன. இந்தச் செஃப்ரூ ஊரில் மட்டும் ஏறவில்லை.

"ஒண்ணு, உன் கணக்கு தப்பு. இல்லேன்னா அங்க யாரோ தில்லுமுல்லு பண்றான். காரணம் தெரியாம உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். வருடக்கணக்கான உழைப்பு அந்தரத்தில் தொங்கியது.

தில்லுமுல்லுக்காரன் சிக்கிவிட்டான் என்றே அவளுக்குத் தோன்றியது. தாமி வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் கடைக்காரரிடம் போனாள்.

"வியாபாரம் ஜோரா நடக்குது போல, பெரியவரே?"

"என்ன ஜோரு! எதிர்ல விக்கறதைவிட என் விலை ஜாஸ்தி. மூடிட்டு அகாதீர்ல மகன் வீட்டுக்குப் போறேன்னா இந்த ஜனம் விடமாட்டேங்குது. போன மாசம் கடையைச் சாத்தினேன். இந்தத் தாமி வீடு தேடி வந்து சண்டை பிடிச்சான்!"

கிஸ்லான் ஓடிப்போய்த் தாமியை மறித்தாள். அவர் கையில் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு.

"ஏண்ணே, உங்க கடையில சர்க்கரை இருக்கு, விலையும் கம்மி. அப்புறம் இங்க என்ன வேலை? இத்தர் கடையில உங்களுக்குப் பங்கா?"

"மெல்லப் பேசு தங்கச்சி, வேலைக்கு உலை வெச்சிடாதே. விலையை நான் போடறதில்லை, தலைமை ஆபீஸ் போடுது. எதிர்ல கூட்டமுள்ள கடை இருந்தா ஏத்தமாட்டாங்க. வாராவாரம் ஆள் அனுப்பிப் பாக்கறாங்க."

"அதனால?"

"அதனால, நாங்க கூட்டமா நிக்கறோம்."

கிஸ்லான் திரும்பிப் பார்த்தாள். தையல்காரர், பள்ளி ஆசிரியை, இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், சூப்பர்மார்க்கெட் சீருடையைச் சால்வையால் மூடிய இரண்டு காசாளர் பெண்கள். ஆளுக்கு ஒரே ஒரு சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் புத்தகத்தில் படித்த போட்டியை இங்கே ஓர் ஊரே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எழுதிடுவியா? நீ எழுதறதைத் தலைமை ஆபீஸ்காரங்களும் படிப்பாங்களே" என்றார் தாமி. அவர் குரல் இறங்கியிருந்தது.

போன் அடித்தது. பேராசிரியர்.

"காரணம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது உஸ்தாத். கணக்கு சரிதான். இங்க போட்டி பலமா இருக்கு."

"அப்படியா! போட்டிக்காரன் யாரு? பெரிய ஆளா?"

"ரொம்பப் பெரிய ஆள், உஸ்தாத். பேரை மட்டும் போட முடியாது" என்ற கிஸ்லான், வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.