நுழைவாயில் மின்னழுத்தம்

காபியைக் குடிக்காமலே மேசைமேல் வைத்துவிட்டேன்.

எதிரே சாய்மி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஹெல்சிங்கியில் அவளுடைய முனைவர் பட்ட விவாதம். வழக்கப்படி ஆய்வேடு பத்து நாள் முன்பே அச்சாகி ஊரறிய வெளியாகிவிட்டது. இனி ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அதிலுள்ள கணக்கு தவறு என்று இந்த ஊசியிலைக் காட்டு ஆய்வு நிலையத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காட்டுக் காற்றில் அமில மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன. அவற்றை எடைபோடும் இயந்திரம் என் பொறுப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன், திரையில் எல்லாம் மங்கலாகத் தெரிந்ததால், காற்று நுழையும் வாயிலில் மின்னழுத்தத்தை ஏற்றினேன். பதிவேட்டில் எழுத மறந்தேன்.

இந்த ஜனவரியில் சோதனைக்காக அதைக் குறைத்தபோது, அதுவரை தென்படாத பெரிய கொத்துகள் திரையில் எழுந்து நின்றன.

காற்றில் அவை எப்போதும் இருந்திருக்கின்றன. வேகமாக உள்ளே இழுத்து, மோதவிட்டு, நான்தான் உடைத்துக்கொண்டிருந்தேன்.

சாய்மியின் அளவீடுகள் அதற்குமுன்பே முடிந்திருந்தன. மின்னழுத்தத்தைக் குறைத்தபடியே விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. திங்களன்று அவள் தந்த ஆய்வேட்டின் உறையைக்கூடப் பயத்தில் பிரிக்கவில்லை; பையிலேயே கிடந்தது.

"தாவோ, காபியை முறைச்சா சூடாகாது. குடி."

மனதுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டேன்.

"சாய்மி, உன் மூணு வருஷக் கணக்கு தப்பு. கொத்தையெல்லாம் உடைச்சது நான். ஜனவரியிலேயே தெரியும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என் பையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்து, ஐந்தாம் அத்தியாயத்தை என் முன் விரித்தாள்.

"மார்ச்லயே பார்த்துட்டேன். நீ எழுதாட்டி என்ன, மிஷின் ஒவ்வொரு மாத்தத்தையும் தானா எழுதி வெச்சிருக்கே."

அத்தியாயம் முழுவதும் திருத்திய கணக்கு. அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: 'இப்பிழையைத் தானே கண்டறிந்து எங்களிடம் தெரிவித்தவர், நிலையப் பொறியாளர் தாவோ.'

ஏடு அச்சாகி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நான் தெரிவித்தது இப்போதுதான்.

வாய் திறக்காமல் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னிலையில் அந்த ஒரு வரி பொய்யாக நின்றிருக்கும்.

சாய்மி தட்டை என் பக்கம் நகர்த்தினாள். ரொட்டியில் வெண்ணெய் விரல் தடிமனுக்கு இருந்தது.

நான் வாய் திறக்கக் காத்து, இவ்வளவு நேரமும் அவள் அந்த ஒரே துண்டுக்குத்தான் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள்.