சத்தமாச் சொல்லு

“இன்னாது? சத்தமாச் சொல்லு!” காதோரம் கையைக் குவித்துக்கொண்டு கேட்டார் சின்னசாமி.

“சுரங்கத்துல வெடி வெச்ச ஆளுங்ககிட்ட எப்பவும் இதே ரோதனை” என்று சலித்துக்கொண்டான் பிரேம். ஊரிகம் சுரங்கக் குடியிருப்பில் லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் வெறும் மூங்கில் தட்டி. இந்தாண்ட பேசினால் அந்தாண்ட கேட்கும். பக்கத்து வீட்டுத் தெரசா கதவில் பூட்டு தொங்குகிறதா என்று ரெண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவன் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டிருந்தான்.

“நான் உட்டுட்டுப் போன பென்டிரைவைக் குடு பெரிப்பா!” என்று கத்தினான்.

“குடுக்கறேன். கூட்டாளி கூட்டாளின்னு வருவியே, என் புள்ள எதுக்கு ஜெயில்ல கெடக்கறான், அதச் சொல்லு மொதல்ல. வக்கீலு சொல்றது ஒரு எழவும் புரியல.”

‘நான் ஒண்ணும் பண்ணலப்பா’ என்று கோலார் ஜெயில் கம்பிக்குப் பின்னால் அழுத பரத்தின் முகம், அவர் நெஞ்சில் கங்காகக் கிடந்தது. எதிரில் இருப்பவன் குரல்வளையைப் பிடிக்கத் துடித்த கையை, தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ம், சொல்லு.”

“கைநாட்டுக்கு இதெல்லாம் புரியவா போவுது?” பிரேம் இளித்தான். “ஒரு கம்பெனியோட காயினைச் சுருட்டினேன்!”

“சில்லறைக் காசா?”

“ஐயோ! கம்ப்யூட்டர் காசு! கண்ணால பாக்க முடியாது! அதோட சாவி அந்தப் பென்டிரைவ்லதான் இருக்கு!”

“பாக்க முடியாத காசை எப்படிடா திருடுவே?”

“அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு! டார்னு ஒரு நெட்வொர்க் வழியா அதை ஓட்டினா, நாடு நாடாச் சுத்திப் போவும்! எந்த வீட்லருந்து போச்சுன்னு எவனாலயும் சொல்ல முடியாது!”

“அப்புறம் எப்படிப் போலீசு நேரா என் வூட்டுக்கு வந்துச்சு?”

பிரேம் குரலைத் தணித்தான். “கடைசித் தடவை உங்க வீட்டு நெட்ல உக்காந்து, டாரை வேணும்னேதான் அணைச்சேன்.”

“இன்னாது?”

“வேணும்னேதான் அணைச்சேன்!” நரம்பு புடைக்கக் கத்தினான். “போலீசு எவன் வீட்டு வாசல்லயாவது போய் நின்னாத்தானே என்னைத் தேடாது! பரத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது! போதுமா?”

“போதும்.”

சின்னசாமி வெற்றிலைப் பையைத் துழாவி பென்டிரைவை எடுத்து நீட்டினார். பிரேம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

“செவிட்டுப் பொணம்” என்று வாய்க்குள்ளேயே முனகினான். “உன் புள்ள அங்கயே கெடந்து சாவட்டும்.”

சின்னசாமி அவனை விடத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “எனக்கு நல்லாவே கேக்குது தம்பி. தட்டிக்கு அந்தாண்ட குந்தியிருக்கிற இன்ஸ்பெக்டருக்குத்தான் சரியாக் கேக்கல.”