கூடவே வந்த சூரியன்

"இன்னும் எவ்வளவு தூரம்டா, ஸப்ரி?"

"பாதிக்கு மேல வந்தாச்சு யம்மா. எதிர்த்த திரையைப் பாரு. மொத்தமே எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான்."

"தூரம் கிடக்கட்டும். சூரியன் எப்ப மறையும்?"

ஸப்ரி ஜன்னலைப் பார்த்தான். காலையில் கெய்ரோவில் ஏறும்போதே அவன் தாய் ஹிக்மத் கணக்குப் போட்டிருந்தாள். பன்னிரண்டு மணி நேரப் பயணம். வழியிலேயே பொழுது சாய்ந்துவிடும். ரமலான் நோன்பை வானத்திலேயே திறந்துகொள்ளலாம். விமானம் மேற்கே மொன்றியலுக்குப் போகிறது, சூரியனும் கூடவே வரும் என்பதை அவள் நினைக்கவில்லை.

நடைவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பய்யூமி ஹாஜி ஒரு காதை இங்கேயே வைத்திருந்தார். அவரும் நோன்பு.

"ஊர்ல இந்நேரம் நோன்பு திறந்து டீயும் குடிச்சிருப்பாங்க," என்றான் ஸப்ரி. " பயணத்துல இருக்கறவங்களுக்குச் சலுகை இருக்கு யம்மா. உனக்குச் சக்கரை வேற. கை எப்படி நடுங்குது பாரு."

"ஜன்னல்ல வெயில் அடிக்குது. அது மறையட்டும்."

"நாம இறங்கின பிறகும் அது மறையாது!"

"எப்ப மறையுதோ அப்ப சாப்பிடறேன். ஏழு வயசுல ஆரம்பிச்சது, நானா ஒரு நோன்பை விட்டதில்ல."

ஸப்ரி பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சாப்பாட்டுத் தட்டை வாங்கினான். மூடியைத் திறந்து கோழித் துண்டைக் கடித்தான். வாசனை நாலு வரிசைக்குப் போனது.

ஹாஜிக்குப் பொறுக்கவில்லை. "டேய், வெட்கமா இல்ல? பெத்தவ பட்டினியா இருக்கா, பக்கத்துல உட்கார்ந்து எலும்பைக் கடிக்கிற! காளை மாதிரி இருக்கிற உனக்கு என்னடா சலுகை?"

ஸப்ரி தலை நிமிராமல் மென்றான்.

"கேக்குதா? காதையும் சேர்த்து முழுங்கிட்டான் போல!"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹிக்மத்தின் முகம் சிவந்தது.

"ஹாஜி! என் பிள்ளையை எதுக்குப் பேசறீங்க? பயணி சாப்பிடலாம்னு இறைவனே சொல்லியிருக்கான். தடுக்க நீங்க யாரு?"

"அப்ப நீங்க ஏன் சாப்பிடல?"

"சாப்பிட மாட்டேன்னு யாரு சொன்னா?" மகன் தட்டிலிருந்து ரொட்டியை வெடுக்கென்று பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "பார்த்தீங்களா? திட்டறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டுங்க!"

ஹாஜி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபத்திலேயே ஹிக்மத் சோற்றையும் கோழியையும் தின்று முடித்தாள். கை நடுக்கம் நின்றது. அப்படியே சாய்ந்து கண்ணயர்ந்தாள்.

ஸப்ரி எழுந்து வந்து ஹாஜியின் பக்கத்தில் குனிந்தான். சண்டைக்கு வருகிறான் என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து கெஞ்சியும் நடக்கல, ஹாஜி. உங்க புண்ணியத்துலதான் அம்மா சாப்பிட்டா," என்றான் மெதுவாக. "இறங்கறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் சாப்பாடு அவ வயித்துக்குள்ள போகணும். அவ முழிச்சதும் இன்னொரு தடவை என்னைத் திட்டுவீங்களா?"