காகத்தின் கறுப்பு

ஜாஸ்மின் கணக்குப் போட்டு, தானே தேய்த்து முடித்த தொலைநோக்கி வில்லை அது. அதில் இரண்டு கண்ணாடிகள். முதல் கண்ணாடி பிரித்துவிடும் நிறங்களை இரண்டாவது கண்ணாடி ஒன்றுசேர்க்க வேண்டும். அவள் இறந்து மூன்று மாதம் கழித்து, கணவன் செல்வின் கல்லூரி மொட்டைமாடியில் அதைப் பொருத்தினான். அதன் வழியே பார்த்தபோது, தண்ணீர்த்தொட்டி மேலிருந்த காகத்தைச் சுற்றி ஊதா நிறம் கசிந்தது.

“அவ கணக்கு தப்புடே. தூக்கிப் போடு, புதுசு வாங்கலாம்,” என்றார் துறைத்தலைவர் தாணுமாலயன்.

காலையில் கண்ணாடிகளைப் பிரித்துத் துடைத்தவன் செல்வின். இடையில் ஓரமாக ஒட்டியிருந்த மூன்று மினுங்கும் தாள் துணுக்குகளைக் குப்பையென்று ஊதித் தள்ளிவிட்டு, கீறல் விழக்கூடாதென்று தடித்த அட்டை வளையம் வைத்திருந்தான். அந்தத் துணுக்குகள் விட்ட மெல்லிய இடைவெளியும் அவள் கணக்குதான் என்பது இப்போதுதான் உறைத்தது.

“சார், உங்க சுகர் மாத்திரை அட்டையக் குடுங்க.”

“நான் இன்னும் சாப்பிடவே இல்லியேடே!”

மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் மூன்று துணுக்குகள் கிள்ளி, வளையத்தை எடுத்துவிட்டு அவற்றைக் கண்ணாடிகளுக்கிடையே வைத்து மூடினான்.

குனிந்து பார்த்த தாணுமாலயன் வெகுநேரம் நிமிரவில்லை.

“வெறும் கறுப்புடே. சுத்தக் கறுப்பு. ஜெயிச்சுட்டா உன் பொண்டாட்டி.”

“கண்ண எடுக்காதீங்க சார், காக்காவப் பறக்க விடுறேன்,” என்று செல்வின் தொட்டியைப் பார்த்து ஓங்கிக் கைதட்டினான்.