தாய்மாமன்

1991. படப்பை பேருந்து நிறுத்தத்தில், அழுதுகொண்டிருந்த சிறுமியை ஒருவன் இழுத்துப் போனான். வழிமறித்தேன்.

"அக்கா பொண்ணு, பெரியவரே. பம்பாய்ல வூட்டு வேலைக்கு இட்டுகினு போறேன்."

"தாய்மாமனா? அப்போ உன் மடியில உக்கார வெச்சுத்தானே காது குத்தியிருப்பாங்க?"

"ஆமா, வல்லக்கோட்டை கோயில்ல."

அவள் தலைமுடியை விலக்கினேன். காதில் துளையே இல்லை.

கடைக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் என் முகத்தை உற்றுப் பார்த்து, இன்னார் என்று அடையாளம் கண்டு, என் பக்கம் குனிந்து, "ஸ்டேஷன் வேணாம். என்னை அனுப்பினவன் யாருன்னு வெளிய தெரிஞ்சா உங்க மானம்தான் போவும்" என்றான். பெயரையும் சொன்னான்.

நின்றுவிட்டேன். சிறுமி என் வேட்டியைப் பற்றிக்கொண்டாள். நடந்தேன்.

காவல் நிலையத்தில் ஏட்டு கேட்டார்: "அனுப்பினவன் பேரு?"

"ஞானவேல்."

"தகப்பன் பேரு?"

நிமிர்ந்து நின்று, என் பெயரைச் சொன்னேன்.