பிளஸ்ஸி கேட்ட கதை

"நீங்களாச்சும் இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க மேடம். ஒரு கதைப் புக்கையாவது கையால தொட்டாத்தானே!"

செலினா அலுத்துக்கொண்டாள். ராஜபாளையம் நூலகத்தின் மேசைக்குப் பின்னால் இருந்த நூலகர் மாரிக்கனி சிரித்தபடி நிமிர்ந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிளஸ்ஸி, நண்டுகளைப் பற்றிய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமையானால் தாயும் மகளும் செட்டியார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

"கதை ஏன் பிடிக்கல பிளஸ்ஸி?"

"அதெல்லாம் பொய் டீச்சர். நரி எங்கயாச்சும் பேசுமா? நண்டுக்குக் கொடுக்கு ஒடிஞ்சா மறுபடி வளரும். அது நிசம்."

"அடேயப்பா!"

"நட்சத்திர மீனுக்குக் கை வளரும். பல்லிக்கு வால் வளரும். ஆனா பழைய வால் மாதிரி இருக்காது, வேற நிறமா இருக்கும்."

மாரிக்கனிக்கு மனசு குளிர்ந்துபோனது. இப்படி ஒரு பிள்ளை இந்த நூலகத்துக்குள் நுழைந்ததே இல்லை.

"பாத்தீங்களா மேடம்? சாயங்காலமானா அவங்கப்பா பக்கத்துல போயி உக்காந்து இதைத்தான் ஓதுதா. அவிய மொகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிடுதாவ. ராசா, ராணின்னு நாலு கதை படிச்சுக் காட்டுனா செத்த நேரம் சிரிப்பாவல்லா? வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு!"

மில் வேலையில் களைத்துப்போய் வரும் மனிதர் போலிருக்கிறது என்று மாரிக்கனி நினைத்துக்கொண்டாள்.

"பிள்ளையைத் தடுக்காதீங்க செலினா. எல்லாப் பிள்ளைகளும் கதைதான் கேக்குது. இவ நிசத்தைத் தேடுதா. தேடட்டும், விடுங்க. நாளைக்கே பெரிய டாக்டரா வந்து நிப்பா."

செலினா அரைமனதோடு தலையாட்டினாள்.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் புத்தகக் கண்காட்சி நடந்தது. மாரிக்கனிக்கு வீடும் அங்கேதான். வேலை முடிந்து போகிற வழியில் உள்ளே நுழைந்தவளின் கண்ணில், மனித உடலைப் பற்றிய பெரிய படப்புத்தகம் ஒன்று பட்டது. பிளஸ்ஸிக்கென்றே அதை வாங்கினாள். சனிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது அவளுக்கு.

புத்தகத்தைக் கண்டதும் பிளஸ்ஸி தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும், எதையோ தவறவிட்டவள்போல் முதலிலிருந்து மறுபடியும் புரட்டினாள்.

"டீச்சர், மனுசங்களுக்கு முடி வளரும், நகம் வளரும், ஈரலை வெட்டுனாலும் வளரும்னு போட்டிருக்கு. அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் கண்ணு. நாம என்ன நண்டா, பல்லியா?" மாரிக்கனி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுல போட மறந்திருப்பாங்களோ?"

"சேச்சே! பெரிய பெரிய டாக்டருங்க எழுதுனது. இதுல இருக்கறதுதான் நிசம்."

பிளஸ்ஸி புத்தகத்தை மெதுவாக மூடினாள். எழுந்து வந்து மேசைமேல் வைத்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"எனக்கு ஒரு கதைப் புக்கு குடுங்க டீச்சர்."

செலினாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே! கேட்டீங்களா மேடம்? இவ வாயாலேயே கேட்டுட்டா!"

மாரிக்கனிக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கதைப் புத்தக அலமாரியை அகலத் திறந்தாள்.

"என்ன கதை வேணும், சொல்லு. இளவரசியா, யானையா, பூதமா?"

"கால் முளைக்கிற கதை டீச்சர்," என்றாள் பிளஸ்ஸி. "பார்டர்ல குண்டு வெடிச்சு எங்கப்பாவுக்கு ரெண்டு காலும் போயிருச்சு. நிசத்துல முளைக்காதுன்னு சொல்லிட்டீங்க... கதையில முளைக்கும்லா?"